ஹுவராஸ்: ஆண்டிஸ் மலையூரில் இருவர் சிக்கனமாகத் தங்க ஒரு முழு வழிகாட்டி

பெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லிமாவில் இறங்கியதும் குஸ்கோ, மாச்சு பிச்சு என்று தெற்கே போய்விடுகிறார்கள். வடக்கே சுமார் 400 கி.மீ. தூரத்தில் ஹுவராஸ் இருக்கிறது. 3,050 மீட்டர் உயரம். கிழக்குப் பக்கம் கோர்டியேரா பிளாங்கா என்ற பனிமலைத் தொடர், மேற்கே பனியில்லாத கோர்டியேரா நெக்ரா, நடுவில் சாந்தா ஆறு. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஹுவஸ்கரான் (6,768 மீ.) இந்தத் தொடரில்தான் நிற்கிறது.

முதுகுப்பையோடு பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் கணவன் மனைவிக்கு இதைவிட நல்ல ஊரை நான் தென் அமெரிக்காவில் பார்க்கவில்லை. அறை மலிவு, சாப்பாடு மலிவு, மலைப்பாதையின் தொடக்கம் வரை ஷேர் வண்டி போகும். ஆனால் இங்கே எதை எப்போது செய்யலாம் என்பதை உயரம்தான் முடிவு செய்யும். அதனால் பணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாளைக் குறைக்காதீர்கள். ஆறு இரவாவது வேண்டும். கையில் மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் இந்த ஊரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

கிளம்புவதற்கு முன்

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, வானம் தெளிவு. அதுதான் நடைக்கான காலம். ஜூலை 28 பெருவின் சுதந்திர தினம். அதையொட்டிய வாரத்தில் லிமாவே கிளம்பி மலைக்கு வந்துவிடும், பஸ் டிக்கெட்டும் அறை வாடகையும் ஏறிவிடும். அந்த வாரத்தைத் தவிர்த்தால் பணம் மிச்சம். ஜனவரி, பிப்ரவரியில் மழை கொட்டும், சிகரங்கள் மேகத்துக்குள் போய்விடும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா போதிய காலத்துக்குச் செல்லுபடியாக இருந்தால், 2017-லிருந்து தனி பெரு விசா தேவையில்லை என்ற ஏற்பாடு உண்டு. விதிகள் மாறக்கூடும், டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஹுவராஸில் அந்தக் காய்ச்சல் கிடையாது. ஆனால் பெரு அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், திரும்பி இந்தியாவுக்குள் நுழையும்போது சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். சாதாரண கிளினிக்கில் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒரு மையம்.

டாக்டரைப் பார்க்கும்போதே, மேலே ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை பற்றியும் கேளுங்கள். வழக்கமாக 125 மி.கி. வீதம் காலை, இரவு, மேலே ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால், எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். பல பாலிசிகளில் ஒரு வரம்பு இருக்கும். நீங்கள் போகப்போவது 4,600 மீட்டர்.

துணிமணியில் கனமான ஒரே ஜாக்கெட்டைவிட, மெல்லிய துணி மூன்று அடுக்காக அணிவதே நல்லது. பகலில் வெயில் சுடும், சூரியன் மறைந்த உடனே குளிர் இறங்கும். குல்லா, கையுறை, சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் நான்கையும் விட்டுவிடாதீர்கள்.

லிமாவிலிருந்து மேலே

பஸ் பயணம் சுமார் எட்டு மணி நேரம். கம்பெனியையும் இருக்கையையும் பொறுத்து ஆளுக்கு 40 முதல் 100 சோல் வரை ஆகும். 1 சோல் சுமார் 25 ரூபாய் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டால் போதும். பல கம்பெனிகள் தங்களுக்கென்று தனி பஸ் நிலையம் வைத்திருக்கின்றன, அதனால் டிக்கெட்டில் எந்த இடம் என்று போட்டிருக்கிறது பாருங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மாடி பஸ்களில் கீழ்த்தளம் விலை கூடுதல், ஆனால் ஆட்டம் குறைவு. வளைவில் வாந்தி வருகிறவர்கள் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது.

இரவு பஸ்ஸில் போனால் ஒரு அறை வாடகை மிச்சம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மேலே போகும்போது மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்பது என் கருத்து. கடல் மட்டத்தில் கிளம்பி, கோனோகோச்சா பக்கம் 4,000 மீட்டரைத் தாண்டி, தூக்கம் கெட்டு, விடியற்காலைக் குளிரில் 3,050 மீட்டரில் இறங்குவது உடம்புக்குப் பெரிய சோதனை. அறையும் மதியம்தான் தருவார்கள். அதுவரை பையோடு அலைய வேண்டும். பகல் பஸ்ஸில் போனால் விழித்திருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே வரலாம், கரையோரப் பாலைவனம் மலையாக மாறுவதைப் பார்க்கலாம், இறங்கியதும் நேராகப் படுக்கைக்குப் போகலாம். இரவு பஸ்ஸைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை பிடிப்பது

தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்குப் பொது அறையில் ஒரு கட்டில்தான் மலிவு. இருவராகப் போகும்போது அந்தக் கணக்கு செல்லாது. பொது அறையில் ஒரு கட்டில் 25 முதல் 40 சோல். இரண்டு கட்டிலுக்கு ஆகும் அதே காசில், ஓஸ்பெதாஹே என்று பலகை போட்ட சிறிய குடும்ப விடுதியில் இருவருக்குத் தனி அறை கிடைத்துவிடும். 60, 70 சோலுக்குக் குளியலறையோடு கிடைக்கும். ‘மாத்ரிமோனியால்’ என்று கேட்டால் இரட்டைக் கட்டில் அறை. ஒரு இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, மறுநாள் காலை நேரில் நாலு இடம் பார்த்து, ஐந்து இரவுக்கு என்று பேசினால் வாடகை இறங்கும்.

காசு கொடுப்பதற்கு முன் ஷவரைத் திறந்து பாருங்கள். வெந்நீர் உண்டு என்று வாயால் சொல்வது ஒன்று, கையில் சுடுவது ஒன்று. மலிவான அறைகளில் ஹீட்டர் இருக்காது, எனவே கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள். காலை வெயில் விழுகிற ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். லுசுரியாகா அவென்யூதான் முக்கியச் சாலை. அதிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் ஹாரன் சத்தம் குறையும். மொட்டைமாடி உள்ள விடுதி என்றால் இன்னும் நல்லது. துணி காயும், மாலையில் ஹுவஸ்கரானின் பனி சிவப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

முதல் இரண்டு நாள்: ஒன்றும் செய்யாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள். வந்து இறங்கிய மறுநாளே, 4,600 மீட்டரில் உள்ள லகூனா 69 என்ற ஏரிக்கு டூர் எடுத்து, பாதி வழியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை அந்தப் பாதையில் எப்போதும் பார்க்கலாம். திடகாத்திரமான இளைஞர்கள்தான் அவர்களில் அதிகம். உடல் வலுவுக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் நாள் சந்தை வரை நடந்து வாருங்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள், வயிறு முட்ட வேண்டாம். மது வேண்டாம். கோக்கா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கிடைக்கும், பெருவில் அது சட்டப்படியானது. இதமாக இருக்கும். ஆனால் அது மருந்து என்று நம்பி மேலே ஏறக் கூடாது.

இருவரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. இந்த உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில வினாடிகள் நின்று, பிறகு ஆழமாக இழுத்துத் தொடர்வது வழக்கம். தூங்குகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் விழித்துக் கிடக்கிறவருக்குத்தான் உயிரே போய்விடும். இது உயரத்துக்கு உடம்பு பழகும் விதம், தனியாக ஆபத்தான அறிகுறி அல்ல. லேசான தலைவலி, பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவையும் முதல் ஓரிரு நாளில் வரும், போகும்.

இரண்டாம் நாள் தெம்பாக இருந்தால் வில்காவாயின் போகலாம். ஊருக்கு வடக்கே சில கி.மீ. தூரத்தில், 3,400 மீட்டரில், இன்காக்களுக்கும் முந்தைய வாரி காலத்துக் கல் கட்டடம். ஷேர் வேனில் மேலே போய், திரும்பும்போது வயல்களுக்கு நடுவே இறங்கி நடந்து வாருங்கள். இறக்கம்தான், மூச்சு வாங்காது.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டரைக்கு மேல் ஊர் முழுக்க உணவகங்களின் வாசலில் ‘மெனு’ என்று பலகை வைப்பார்கள். சூப், ஒரு முக்கிய உணவு, குடிக்க ஏதாவது, எல்லாம் சேர்த்து 8 முதல் 15 சோல். சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகத்தில் இதே பணத்துக்கு ஒரு காபிதான் கிடைக்கும். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொண்டு இரவை லேசாக முடித்தால் பணமும் மிச்சம், உயரத்தில் தூக்கமும் நன்றாக வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சின் கார்னே’ (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கோழியைப் போட்டுத் தருவார்கள். ‘சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று கோழியும் மீனும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பின் அடிநீர் அப்போதும் கோழியாகவே இருக்கக்கூடும். கறாரான சைவர்கள் சூப்பைத் தவிர்ப்பதே நிம்மதி.

ஆனால் ஹுவராஸ் சைவர்களுக்கென்றே ஒன்றை வைத்திருக்கிறது: சோச்சோ செவிச்சே. சோச்சோ என்பது ஆண்டிஸ் மலையில் விளையும் ஒரு பயறு, மொச்சையைவிடச் சற்றுச் சிறியது, பால் வெள்ளை நிறம். பச்சையாக இருக்கும்போது கடும் கசப்பு. வேகவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை எடுக்கிறார்கள். சந்தை ஓரத்தில் அகலமான தொப்பியும் அடுக்குப் பாவாடையும் அணிந்த பெண்கள் இதைக் கிண்ணம் கிண்ணமாக விற்பார்கள். பயறின் மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, ஒரு எலுமிச்சை முழுதாகப் பிழிந்து, கேட்டால் மிளகாயும் சேர்த்து, மேலே வறுத்த சோளம் தூவிக் கொடுக்கிறார்கள். மாலை நேரப் பசிக்கு இருவருக்கு ஒரு கிண்ணம் சரியாக இருக்கும். நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

காலையில் தெருவோர வண்டிகளில் ஆப்பிள் போட்டுக் காய்ச்சிய கீனுவா கஞ்சி சுடச்சுடக் கிடைக்கும், கூடவே அவகேடோ வைத்த ரொட்டி. சில சோலில் காலை உணவு முடிந்துவிடும். அதிகாலை டூர் நாட்களில் இதற்கு நேரம் இருக்காது, முந்தைய இரவே ரொட்டி, வாழைப்பழம், சீஸ் வாங்கி வைத்துவிடுங்கள்.

விடுதியில் சமையலறை இருந்தால் சமைக்கலாம்தான். ஆனால் இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருக்காதீர்கள். முட்டை, நூடுல்ஸ், மைசூர் பருப்பு நடக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பெரிய கேன் வாங்கி இருவர் பாட்டிலிலும் ஊற்றிக்கொள்வது சின்ன பாட்டில் வாங்குவதைவிட மலிவு.

ஏறும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள்: வில்காகோச்சா, சுருப், அப்புறம் லகூனா 69.

வில்காகோச்சா மேற்குத் தொடரில் 3,700 மீட்டரில் உள்ள சின்ன ஏரி. மூன்றாம் நாளுக்கு ஏற்றது. தேசியப் பூங்காவுக்கு வெளியே இருப்பதால் பூங்கா டிக்கெட் வேண்டாம், ஊர்க்காரர்கள் வாங்கும் சிறு கட்டணம் மட்டும்தான். ஊரிலிருந்து ஷேர் வேனில் சாந்தா குரூஸ் பாலத்தில் இறங்கி, மண்பாதையில் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். ஏரியைப் பார்க்க மட்டும் போவதல்ல இது. எதிரே வெள்ளைத் தொடர் முழுவதும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே பார்வையில் தெரியும். வழியில் வீட்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வரும். ஓடாதீர்கள், குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே நின்றுவிடும்.

ஒரு நாள் விட்டு சுருப் ஏரி. பிதெக் என்ற இடத்தில் சுமார் 3,850 மீட்டரில் இறங்கி 4,450 மீட்டருக்கு ஏறுவது. தூரம் குறைவு, செங்குத்து அதிகம். ஏரிக்குக் கீழே பாறையில் இரும்புக் கம்பி பிடித்து ஏறும் பகுதி ஒன்று உண்டு. மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். காலை வேனிலேயே போய், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று டிரைவரிடம் பேசிவிட்டு ஏறுங்கள். அதை விட்டால் ஊர் வரை நடை.

ஹுவஸ்கரான் தேசியப் பூங்காவின் ஒரு நாள் டிக்கெட் 30 சோல், ஒரு மாதம் வரை செல்லும் நீண்ட டிக்கெட் 150 சோல். இரண்டு நடைக்குத் தனித்தனி டிக்கெட்டே லாபம். 4 நாள் சாந்தா குரூஸ் நடை போன்றவற்றையும் சேர்த்துப் போகிறவர்களுக்குத்தான் நீண்டது கட்டுப்படியாகும்.

லகூனா 69-க்கு டூர் வேன்தான் சிக்கனம். பூங்கா டிக்கெட் சேர்க்காமல் ஆளுக்கு 40 முதல் 60 சோல். லுசுரியாகா அவென்யூவில் கூவிக் கூவி விற்பார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே வேனில்தான் ஏற்றுவார்கள், அதனால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். காலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பி, யுங்காய் வழியாகச் சுமார் மூன்று மணி நேரம். யாங்கனுகோ பள்ளத்தாக்கில் பச்சைநீல ஏரி ஒன்றின் ஓரத்தில் நிறுத்துவார்கள்.

நடை 3,900 மீட்டரில் தொடங்குகிறது. முதல் ஒரு மணி நேரம் ஓடையோரப் புல்வெளி, மாடுகள் மேயும். பிறகு வளைந்து வளைந்து ஏறும் பாதை. அதன் மேலே மீண்டும் சமவெளி வரும், வந்துவிட்டோம் என்று தோன்றும். வரவில்லை. அந்தச் சமவெளியின் முடிவில் தெரிகிற சுவரில்தான் கடைசி ஏற்றம். அங்கே பத்து அடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருக்கும், இதயம் காதுக்குள் கேட்கும். பேசாதீர்கள், மூக்கால் இழுத்து வாயால் விட்டு, குட்டை குட்டையாக அடி வையுங்கள். பாதை சட்டென்று தட்டையாகி, சக்ராராஹு சிகரத்தின் பனிச்சரிவும் அதன் அடியில் நீல ஏரியும் ஒன்றாகக் கண்ணில் படும். மேலிருந்து உருகும் நீர் கறுத்த பாறையில் மெல்லிய நூலாக விழுந்துகொண்டிருக்கும். வியர்த்த உடம்போடு உட்காராமல் முதலில் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

ஏறுவதற்கு முன் இருவரும் பேசி வைக்க வேண்டியவை

மலையில் வரும் சண்டைகளில் பாதி, ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் நடப்பதால் வருவது. மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும். பின்னால் வருகிறவர் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்வார். தண்ணீரும் சாப்பாடும் ஒரே பையில் இருக்கக் கூடாது, ஆளுக்குப் பாதி.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்தால் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். ‘என்னால் முடியாது’ என்று ஒருவர் சொன்னால் இருவரும் திரும்ப வேண்டும், மற்றவர் முகம் சுளிக்கக் கூடாது. ‘நீ போய்ட்டு வா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்’ என்பது களைப்புக்குச் சரி, உயர நோய்க்குச் சரியல்ல. நோய் முற்றும்போது முதலில் கெடுவது நிதானம்தான், தனியாக உட்கார்ந்திருப்பவருக்குத் தன் நிலை தெரியாது.

தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, சளியோடு இருமல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே கீழே இறங்க வேண்டும். சந்தேகம் என்றால் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஊரில் விக்டர் ராமோஸ் குவார்தியா அரசு மருத்துவமனை இருக்கிறது. பெயரை எழுதி இருவரும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு நாளில் யுங்காய்

இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே உள்ள நாளில், ஷேர் வேனில் பழைய யுங்காய் போய் வாருங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம், கட்டணம் சில சோல். 1970 மே 31 அன்று வந்த நிலநடுக்கத்தில் ஹுவஸ்கரானின் வடக்குச் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து விழுந்து, சில நிமிடங்களில் யுங்காய் நகரம் மண்ணுக்கடியில் போனது. கல்லறை மேட்டுக்கு ஓடி ஏறியவர்களில் கொஞ்சம் பேர் பிழைத்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் நின்ற பனைமரங்களில் சிலவற்றின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. அந்த நிலநடுக்கத்தில் அந்தப் பகுதி முழுவதும் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர். இன்று அந்த இடம் ரோஜாச் செடிகள் நட்ட நினைவிடம், கீழே இன்னும் மனிதர்கள் கிடக்கிறார்கள். படம் எடுப்பதில் நிதானம் தேவை.

அதே நிலநடுக்கத்தில் ஹுவராஸும் தரைமட்டமானது. ஊர் இன்று சிமென்ட்டும் செங்கல்லுமாக அழகில்லாமல் இருப்பதாகப் பலர் குறைப்படுவதற்குக் காரணம் அதுதான். தப்பி நின்ற ஹோசே ஒலாயா தெருவில் மட்டும் பழைய ஹுவராஸ் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கலாம். அதற்கு முன், 1941 டிசம்பர் 13 அன்று, மேலே பால்காகோச்சா ஏரி உடைந்து நகரின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. பனி உருகி அந்த ஏரி மறுபடியும் பெருத்துவிட்டது. ஹுவராஸ் விவசாயி சவுல் லூசியானோ யூயா, புவி வெப்பமாவதில் பங்குண்டு என்று ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின் நிறுவனத்தின் மேல் 2015-ல் வழக்குப் போட்டார். 2025 மே மாதம் அவர் மனு தள்ளுபடியானது. ஆனால் இத்தகைய நிறுவனங்களைப் பொறுப்பாக்க முடியும் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றது. ஊரில் நடக்கும்போது தலைக்கு மேலே இருப்பது வெறும் காட்சி அல்ல என்பதை இதெல்லாம் தெரிந்து பார்த்தால் புரியும்.

செலவுக் கணக்கு

இருவருக்கு ஒரு நாளைக்கு: அறை 70 சோல், சாப்பாடு 60, வேன், தண்ணீர், சில்லறை 20. ஆக 150 சோல், ஏறத்தாழ 3,750 ரூபாய். சுருப் நாளில் பூங்கா டிக்கெட்டுக்கு 60 சோல் கூடும், லகூனா 69 நாளில் டூரும் பூங்கா டிக்கெட்டும் சேர்ந்து 140 முதல் 180 சோல் வரை கூடும். பணத்தை லிமாவிலேயே முழுதாக மாற்றிக்கொண்டு வர வேண்டாம், ஹுவராஸில் வங்கிகளும் ஏடிஎம்களும் உண்டு. ஒருமுறை எடுக்கும்போதே கூடுதலாக எடுத்தால் ஏடிஎம் கட்டணம் குறையும். 100 சோல் நோட்டைச் சந்தையில் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள், சூப்பர் மார்க்கெட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். கிழிந்த டாலரை யாரும் வாங்க மாட்டார்கள். இருவர் கார்டும் ஒரே பர்ஸில் இருக்க வேண்டாம்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது

வடக்கே போகிறவர்களுக்கு சிம்போதே வழியாகத் துருஹியோவுக்கு இரவு பஸ் உண்டு. லிமா திரும்புகிறவர்கள், விமானத்துக்கு ஒரு முழு நாள் இடைவெளி விட்டு பஸ் ஏறுங்கள். மண்சரிவோ மறியலோ வந்தால் மலைப்பாதை பல மணி நேரம் அடைபடும். இருக்கையை இரண்டு நாள் முன்பே எடுத்துவிடுங்கள், ஞாயிறு இரவு லிமா பஸ்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பையில் மிச்சமிருக்கும் கோக்கா இலையையும் தேநீர்ப் பொட்டலத்தையும் விடுதியிலேயே கொடுத்துவிடுங்கள். பெருவில் கடைச் சரக்காக இருப்பது, எல்லை தாண்டினால் பல நாடுகளில் போதைப்பொருள் வழக்காகிவிடும்.